கிணற்றுத் தண்ணீரில் கழுவிய போர்டு

தூத்துக்குடியில் ஒரு ரேடியோ வாயடைத்துப் போனால் சுந்தர்சிங் கடைக்குக் கொண்டு போகச் சொல்வார்கள். அவர் கை பட்டால் செத்த ரேடியோவும் பேசும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனால் அந்தக் கை மூன்று வருஷமாக ஒரு தம்ளர் காப்பியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போனதில்லை. ரேடியோக்களைப் பேச வைத்தது அவர் பெண்சாதி ஞானதீபத்தின் கை. அது ஊருக்குத் தெரியாது.

கடை என்றால் பெரிய கடை ஒன்றுமில்லை, வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் வயிறு திறந்து கிடக்கும் ரேடியோக்கள். நாற்காலியில் சுந்தர்சிங் வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை மேசைக்கடியில் கோத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர் சொல்வதைக் கேட்பார். ரேடியோவில் காதை ஒட்டி இரைச்சலைக் கேட்பார். "வச்சிட்டுப் போங்க, வியாழக்கெழமை வாங்க" என்பார். ஆள் தெருத் திரும்பியதும் ரேடியோ பச்சைத் திரைக்குப் பின்னால் போய்விடும். அங்கே அடுப்பு ஒரு மூலை, ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்ன் ஒரு மூலை. உலை கொதிக்கிற நேரத்துக்குள் ஞானதீபம் ஒரு கண்டென்சரை மாற்றிவிடுவாள்.

அவள் நாசரேத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் தையல் வகுப்பில் லேஸ் பின்னியவள், ஆகையால் விரலுக்கு நிதானம் உண்டு. சுந்தர்சிங்குக்கு நரம்புக்கோளாறு வந்து கை நடுங்கத் தொடங்கிய வருஷம், ஒருநாள் மத்தியானம் அவர் அயர்னைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அயர்னை எடுத்தாள். "எங்கன வைக்கணும், சொல்லுங்க" என்றாள். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். அன்றைக்குத் தொடங்கியது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருவரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல, அப்படியே அமைந்துவிட்டது. பெண்பிள்ளை ரிப்பேர் பார்க்கிறாள் என்றால் பாதிப் பேர் ரேடியோவைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்பது ஒரு பக்கம். அந்த மனிதரை யாராவது ஐயோ பாவம் என்று பார்த்துவிடுவார்களே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். பாராட்டெல்லாம் முன்னறையோடு நின்றுவிடும். திரைக்குப் பின்னால் அவள் அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

நாற்பத்து நாலு வயதில் மூன்று ஆள் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் நல்ல தண்ணீர் வரும், அதற்கு இருட்டோடு எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். பிறகு சமையல், துவைப்பு. அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது. எல்லாம் முடிந்தபிறகு ரேடியோ. கணுக்கால் இரண்டும் வீங்கியே கிடக்கும். "ஒரு நாளாவது சும்மா கெடக்கணும்ங்க" என்பாள். "கெடயேன், யாரு வேண்டாம்னா?" என்பார் அவர். இருவரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவள் எழுந்து போவாள்.

எழுபத்தேழாம் வருஷம் ஆவணியில் வளன் வந்தார். புன்னைக்காயல்காரர், சொந்தமாக ஒரு விசைப்படகை, அந்தப் பக்கத்துப் பேச்சில் போட்டு, தூத்துக்குடித் துறையில் நிறுத்தித் தொழில் செய்கிறவர். படகு பழசு, அடியில் எப்போதும் கசியும். தளப் பலகையைத் தூக்கித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கே தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. வலை இழுக்கிற மும்முரத்தில் அதை மறந்தால் எஞ்சின் நனைந்து நின்றுவிடும். கரை தெரியாத இடத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அந்தக் கடற்கரையில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, தண்ணி ஏறுனா தானா மணி அடிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று கேட்டார் வளன்.

அடேயப்பா, சுந்தர்சிங் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதர் வயிறாரச் சாப்பிட்டார். இரண்டு கம்பி படகின் அடியில் தொங்கும். உப்புத் தண்ணீர் இரண்டையும் தொட்டால் துளி மின்சாரம் ஓடும். அந்தத் துளியை டிரான்சிஸ்டர் பெரிதாக்கி மணியை அடிக்க வைக்கும். அவர் வாயால் சொன்னார், அவள் நகப்பாலிஷால் செம்புத் தகட்டில் கோடு வரைந்து, மற்ற செம்பைக் கரைத்து எடுத்தாள். அதுதான் போர்டு. ஐந்து போர்டு செய்வது என்று ஏற்பாடு. வளன் படகோடு அவருக்குத் தெரிந்த மூன்று பேர் படகும் சேர்த்து நாலு, கைவசம் ஒன்று. ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் மற்றப் படகுக்காரர்களும் கேட்பார்கள். "மொதல்ல அந்த மூணு பேருக்குக் குடுங்க அண்ணாச்சி, எனக்குக் கடைசியாப் போதும்" என்றார் வளன். பெரிய மனசுக்காரர். அந்தப் பெரிய மனசுதான் வினையாயிற்று.

இங்கே ஈயம் பற்ற வைக்கிற சங்கதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஈயம் சும்மா ஒட்டாது. கம்பியில் கறை இருந்தால் உருண்டு ஓடிவிடும். கறையைத் தின்ன ஒரு மருந்து வேண்டும். அதில் இரண்டு சாதி. ஒன்று ரோசின், ஒருவகை மரப்பிசின், வயலின் வில்லில் தேய்க்கிறார்களே அதேதான். ஈயக்கம்பியின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மெட்ராசிலிருந்து வரும். சாதுவானது, வேலை முடிந்து போர்டிலேயே கிடந்தாலும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் கறை கொஞ்சம் கூடினால் கையை விரித்துவிடும். தூத்துக்குடி உப்புக்காற்றில் எதற்குத்தான் கறை ஏறாது? வாங்கிவைத்த நாலாம் நாளே ரெசிஸ்டர்களின் கம்பிக் கால்கள் கறுத்துப்போகும். ஒவ்வொரு காலாகப் பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டும். ஒரு போர்டுக்கு நாற்பது கால்.

இன்னொன்று டப்பா பேஸ்ட். வாளி ஓட்டை அடைக்கிறவர்கள் வைத்திருப்பது. உள்ளே இருப்பது அமிலம். சுரண்டவே வேண்டாம், தொட்டு வைத்தால் ஈயம் பளபளவென்று பாயும். ஆனால் வேலை முடிந்தபிறகும் அது சும்மா இருக்காது, செம்பை உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி எடுத்தால்தான் போகும். "போர்டுல பேஸ்ட் வைக்கவன் கையில அயர்னே குடுக்கக் கூடாது" என்பார் சுந்தர்சிங். அந்த விஷயத்தில் அவர் பாதிரியாரை விடக் கண்டிப்பு.

மூன்று போர்டு முடிந்ததும் ரோசின் வைத்த கம்பி தீர்ந்துபோயிற்று. மெட்ராஸ் பார்சல் வரவில்லை. வீட்டில் சாதா ஈயம்தான் இருந்தது.

"கோயில்ல வயலின் வாசிக்காருல்லா தேவபிரசாதம், அவருகிட்ட ஒரு துண்டு ரோசின் வாங்கிட்டு வா. ஸ்பிரிட்டுல கரைச்சுத் தொட்டு வையி, ஒண்ணும் ஆவாது" என்றார் சுந்தர்சிங்.

"சரிங்க" என்றாள்.

தேவபிரசாதம் வீடு ஒன்றரை மைல். போக ஒன்றரை, வர ஒன்றரை. வந்தபிறகு எண்பது காலைச் சுரண்ட வேண்டும். அவள் தன் காலைப் பார்த்தாள். விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து நின்றது. பரணில், ஓட்டை வாளிக்கு ஈயம் வைக்க எப்போதோ வாங்கின டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சதி செய்யவில்லை, துணிந்து எதையும் மீறவில்லை, நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு போர்டையும் ஒரே மத்தியானத்தில் முடித்தாள்.

கழுவ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் குழாய் முறை இல்லாத நாள். குடத்தில் இருந்த நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும்தான் காணும். இரண்டு பலகைத் துண்டுக்காக நல்ல தண்ணீரைக் கீழே கொட்ட அந்த ஊரில் எந்த வீட்டுக்காரிக்கு மனசு வரும்? பின்னால் கிணற்றில் ஒரு வாளி இறைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீர்! பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். இருபது வருஷமாகப் பாத்திரம், துணி, தரை எல்லாம் அதில்தான் கழுவுகிறாள். கழுவுகிற தண்ணீர் என்றால் அவள் கை தானாகக் கிணற்றுப் பக்கம்தான் போகும். அமிலத்தோடு உப்பையும் சேர்த்துப் போர்டுக்கு ஊட்டியாயிற்று.

சுந்தர்சிங் போர்டைக் கண்ணருகில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "பளபளன்னு இருக்கே ஏளா. ரோசின் நல்லாப் பாஞ்சிருக்கு."

"ஆமா" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அந்த ஒரு சொல்தான்.

நாலாவது போர்டு வளன் படகுக்குப் போயிற்று. ஐந்தாவது அலமாரிக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து வளன் ஒரு ஓலைக்கொட்டானில் கருவாடு கொண்டுவந்து வைத்தார். "என்னா மணி அண்ணாச்சி! தண்ணி ஒரு சாண் ஏறுனதும் கணீர்னு அடிக்கி. பலகையத் தூக்கிப் பாக்குற ஆளையும் வலைக்கு நிறுத்திட்டேன்" என்றார். திரைக்குப் பின்னால் ஞானதீபத்துக்கு அந்தக் கடைசிப் பேச்சு நெஞ்சில் எங்கோ தைத்தது. வளன் படகில் இனிமேல் பலகையைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் கருவாட்டைத் தட்டி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. எடுத்து வைத்தாள், மறந்துபோனாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, சுந்தர்சிங் முன்னறையிலிருந்து கூப்பிட்டார். "நாளைக்கு வேம்பார்ல இருந்து ரெண்டு பேரு மணியப் பாக்க வாராங்க. கைவசம் உள்ளத ஒரு தடவ அடிச்சுப் பாத்து வையி."

ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்து இரண்டு கம்பியையும் விட்டாள். மணி அடிக்கவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். அடிக்கவில்லை. பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. செம்புக்கோடு ஒன்றை நகத்தால் தொட்டாள், பொடியாக உதிர்ந்தது.

இது அலமாரியில் சும்மா இருந்த போர்டு. இதன் கூடப்பிறந்தது ஒரு மாதமாகக் கடல்மேல் இருக்கிறது.

போர்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரோசின் இல்ல" என்றார்.

"இல்ல. பேஸ்ட். தேவபிரசாதம் வீட்டுக்கு நான் போகவே இல்ல. கெணத்துத் தண்ணியில கழுவுனேன்."

"பாவி! மூணு வருசமா தலபாடா அடிச்சுக்கிட்டேனே! நீயா இதச் செஞ்ச?" நடுங்கும் கை மேசையில் தடதடவென்று மோதியது. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் குரல் இறங்கியது. "வளன் போட்டுல இருக்கது?"

"அதுவும் இதே கை வேலைதான்."

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். திங்கட்கிழமை விடியுமுன் படகு கிளம்பிவிடும். வளன் புன்னைக்காயலில் வீட்டில்தான் இருப்பார். சுந்தர்சிங்கால் கம்பியைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற முடியாது. "நீ போயிட்டு வா. சுந்தர்சிங் தப்புப் பண்ணிட்டாரு, மன்னிச்சிக்கிடணும்னு சொல்லு. ஒம் பேரு எதுக்கு? எம் பேருலயே கெடக்கட்டும்" என்றார். அவள் ஒரு வாய்ச் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் இடம் இல்லை. ஆத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அவர் பேரில் சொல்வதா, தன் பேரில் சொல்வதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பொய் சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். முதல் பொய்யைச் சொல்லி அதைத் தாங்க இன்னொன்று சொல்லி, எதை யாரிடம் சொன்னோம் என்று நினைவு வைத்து... அவளால் இனி ஆகாது.

வளன் வீட்டு முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி ஜெபமாலை வாசலில் நின்றாள். வளன் எழுந்து, "வாங்கக்கா. அண்ணாச்சிக்குச் சொகமில்லையா? என்ன, இவ்வளவு தூரம்?" என்றார் பதற்றத்தோடு.

"மணிய நம்பாதீங்க தம்பி" என்றாள் ஞானதீபம். வேறு முகமன் எதுவும் வரவில்லை. "அது கெட்டுப்போயிருக்கும். நாளைக்கு அத நம்பிக் கடலுக்குப் போகாதீங்க."

வளன் மனைவியைப் பார்த்தார். மனைவி வளனைப் பார்த்தாள்.

"நேத்தே அடிக்கலக்கா" என்றார் வளன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொன்னார். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கூட வந்த ஆள் ஒருவன், கீழே தண்ணீர் சத்தம் கேட்கிறது என்றிருக்கிறான். "அண்ணாச்சி மணி அடிக்கலல்லா, அப்ப தண்ணி இல்லலே, வேலையப் பாரு" என்று வளன் அவனை ஏசியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பெல்ட் தண்ணீரை வாரி இறைத்திருக்கிறது. பலகையைத் தூக்கினால் முழங்கால் தண்ணீர். ஆறு பேரும் கையில் கிடைத்ததை எடுத்து ஒரு மணி நேரம் இறைத்திருக்கிறார்கள். வலையை வெட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏன் தம்பி வந்து சொல்லல?"

"பேரெடுத்த மனுசன். அவரு கை செஞ்சது தப்பிப்போச்சுன்னு எப்படிக்கா வந்து சொல்ல? மனசு ஒடைஞ்சு போவாரே. இவகிட்டயும் வாயத் தொறக்காதன்னு சொல்லி வச்சேன்."

ஞானதீபம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அவரு கை இல்ல, தம்பி. என் கை. மூணு வருசமா அவரால ஒரு அயர்னப் பிடிக்க முடியாது. எல்லாம் நாந்தான் செய்யுதேன். அவரு வைக்கச் சொன்னது வேற, நான் வச்சது வேற. அலுப்பா இருந்துச்சு, சுளுவா இருந்தத எடுத்து வச்சிட்டேன்."

இத்தனை வருஷம் ஊர் புகழ்ந்த கை தன் கைதான் என்று அவள் முதன்முதலாக வாய் திறந்து சொன்னது இந்தக் குற்றத்துக்காகத்தான். அழுகை வந்தது. அடக்கவில்லை.

ஜெபமாலை வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். "அலுப்பா? எங்க வீட்டு ஆம்பள, எந் தம்பி, அவன் மச்சினன், ஆறு பேரு போட்டுல! ஒங்களுக்கு அலுப்பா இருந்துச்சுன்னு ஆறு வீட்டுத் தாலியும் போவணுமா? யாருக்குத்தாங்க அலுப்பு இல்ல? நான் காலையில மூணு மணிக்குப் பானையத் தூக்குதேன். அலுப்பா இருக்குன்னு பச்சத் தண்ணியச் சோறுன்னு குடுத்து அனுப்புதேனா?"

ஞானதீபம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு சொல்லும் நியாயம். வளன் மனைவியைக் கையமர்த்தினார். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"மத்த மூணு போட்டுலயும் மணி ஒழுங்கா அடிக்குதே. அது யாரு செஞ்சது?"

"அதுவும் நாந்தான். அது ரோசின் வச்சது."

"அப்ப அந்த மாதிரி ஒண்ணு செய்யுங்க" என்றார் வளன். "அதுவரைக்கும் பலகையத் தூக்கிப் பாக்க பழையபடி ஒரு ஆள நிறுத்துதேன்."

"செய்யட்டும்" என்றாள் ஜெபமாலை. கோபம் தணியவில்லை. "ஆனா செஞ்சு குடுத்தனுப்பக் கூடாது. நீங்களே போட்டுக்கு வரணும். நான் தண்ணி ஊத்துவேன். எங் கண்ணு முன்னால அடிக்கணும்."

வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். சுந்தர்சிங் நாற்காலியை விட்டு அசையவில்லை. "எம் பேருலதான சொன்ன?" என்றார்.

"இல்ல. எம் பேருல சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

அவமானமா, ஆத்திரமா, என்னவென்று அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் வேம்பார்க்காரர்கள் வந்தபோது, "இன்னும் சரியா வரல, ஒரு மாசம் போவட்டும்" என்று அவரே சொல்லி அனுப்பினார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "நீ தேவபிரசாதம் வீட்டுக்குப் போயிட்டு வா" என்றார்.

போனாள். மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று போனாள். ஒரு துண்டு ரோசின் வாங்கி வந்தாள். திரும்பியபோது அவர் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினாரோ. மடியில் ரெசிஸ்டர்கள். நடுங்கும் இரண்டு விரலுக்கு நடுவில் உப்புத்தாளை மடித்து வைத்து அதில் ஒரு காலைச் செருகியிருந்தார். விரல் தன்பாட்டில் நடுங்க, கம்பி தன்பாட்டில் தேய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

"ஏளா, இந்தா பாரு, இதுக்கு நான் ஒண்ணும் செய்யவே வேண்டாம்" என்றார். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவர் குரல். "மூணு வருசமா இது எனக்குத் தோணலியே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது காலையும் அவரே தேய்த்தார். ரோசினை ஸ்பிரிட்டில் கரைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டு அவள் ஈயம் வைத்தாள். பளபளப்பு கொஞ்சம் குறைவுதான். கழுவ வேண்டிய வேலை இல்லை. மூன்று நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் மீன்பிடித் துறையில் வளன் படகில் ஏறினாள். ஜெபமாலை முன்னாலேயே வந்து நின்றாள். பெட்டியைப் பொருத்தியதும் அவளே வாளியைக் கடலில் விட்டு மொண்டு பலகைக்கடியில் ஊற்றினாள். ஒரு வாளி. இரண்டு வாளி. படகில் ஆறு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவது வாளியில் மணி அடித்தது. நல்ல சத்தம், பக்கத்துப் படகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபமாலை வாளியைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை.

"இன்னைக்கு அடிக்கு" என்றாள். "போன மாசமுந்தான் அடிச்சுது. இனி வார மாசம் அடிக்குமா?"

ஞானதீபம் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றாள். அடிக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"ஞாயித்துக்கெழமை போட்டு கரையிலதான நிக்கும்" என்றாள். "கோயில் முடிஞ்சதும் நான் வாரேன். தெறந்து பாக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாரேன்."

ஜெபமாலை அவள் காலைப் பார்த்தாள். வீங்கியிருந்த கணுக்காலைப் பார்த்தாள். பிறகு வாளியைத் திரும்பவும் எடுத்து, கவிழ்த்துப் போட்டு, காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க மொதல்ல" என்றாள்.

வாரத்தில் ஓய்வென்று அவளுக்கு இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அன்றோடு போயிற்று. ஞானதீபம் வாளிமேல் உட்கார்ந்தாள்.